ஒத்த துருவங்கள் ஒட்டிக்கொண்டால் எங்கே பார்ப்பது? காந்தக் கோளாறுகளுக்கு அறிகுறிவாரியாக வழி

பள்ளி அறிவியல் கண்காட்சி மேசையில் மிதக்காத வளையம், படகில் பொய் சொல்லும் திசைகாட்டி, மழைக்காலம் முடிந்ததும் மாவாக உதிரும் வெள்ளி நிறக் காந்தம். பார்க்க வேறு வேறு கோளாறு. ஆனால் தோண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பலமான காந்தம் ஒன்றும் பலவீனமானது ஒன்றும் அளவுக்கு மீறிக் கிட்டே வந்திருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் காந்தத்தைச் சந்தேகிக்கும் முன் தூரத்தைச் சந்தேகியுங்கள்.

## தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை: துருவம் உறுதியாகத் தெரிந்த சட்டக் காந்தம் ஒன்று, சின்னத் திசைகாட்டி ஒன்று, 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல், தையல் நூல், பத்து ஜெம் கிளிப், கொஞ்சம் அட்டை. போனில் காந்தப்புலம் காட்டும் ஆப் இருந்தால் நல்லது. புதுச்சேரி, கடலூர் பக்கம் திறந்த வெளியில் அது ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா காட்ட வேண்டும். வீட்டுக்குள் 60, 70 என்று ஏறினால் தரையிலோ தூணிலோ கம்பி ஓடுகிறது என்று பொருள். சோதனை மேசையை நகர்த்துங்கள். போனை நியோடிமியம் காந்தத்தின் மேல் வைத்து அளக்காதீர்கள். சென்சார் திணறிப் போய், அதன்பின் காட்டுவதெல்லாம் தப்பாக இருக்கும்.

காந்தம் எந்த ரகம் என்று பார்த்தே சொல்லிவிடலாம். கருஞ்சாம்பல் நிறம், ஓடு மாதிரி உடையும், பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் என்றால் அது ஃபெரைட். வெள்ளிக்காசு மாதிரி பளபளப்பு, அளவுக்குப் பொருந்தாத பலம் என்றால் நியோடிமியம். சிவப்புப் பெயின்ட் அடித்த குதிரைலாடம் பெரும்பாலும் அல்நிகோ. பள்ளி ஆய்வகத்தின் பழைய சட்டக் காந்தம் எஃகாகவோ அல்நிகோவாகவோ இருக்கும். இந்த அடையாளம் முக்கியம்; கீழே வரும் பாதி முடிவுகள் இதை வைத்துத்தான்.

## அறிகுறி: வட துருவமும் வட துருவமும் ஒட்டிக்கொள்கின்றன

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். செலவில்லாத காரணத்திலிருந்து வரிசையாகப் போங்கள்.

குறி தப்பாக இருக்கலாம். மலிவான பாக்கெட்டுகளில் சிவப்பு, நீலம் எந்தப் பக்கம் என்று பார்த்து அடிப்பதில்லை. காந்தத்தை நடுவில் நூலால் கட்டி, 40 செ.மீ. தொங்கவிடுங்கள். நூலில் முறுக்கு இருக்கக்கூடாது, மின்விசிறி ஓடக்கூடாது, இரும்பு பீரோ ஒரு மீட்டருக்குள் இருக்கக்கூடாது. ஆடி அடங்க இரண்டு நிமிடம் விடுங்கள். நம் கரையில் திசை கண்டுபிடிக்கத் திசைகாட்டிகூட வேண்டாம்: கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் வடக்கு. அந்தப் பக்கம் பார்த்து நிற்கும் முனைதான் வட துருவம். பெயின்ட் என்ன சொன்னாலும் அதை நம்பாமல் மார்க்கரால் புதுக் குறி போடுங்கள்.

துருவம் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லாமல் இருக்கலாம். வட்டக் காந்தத்துக்குத் துருவம் பெரும்பாலும் இரண்டு தட்டை முகங்களில் இருக்கும், விளிம்பில் அல்ல. சிலவற்றில் மட்டும் விட்டத்தின் இரு பக்கத்தில் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் விளம்பரக் காந்தத்தின் கதை வேறு: வட, தென் துருவங்கள் கோடு கோடாக மாறி மாறி வரும். அப்படி இரண்டு தாள்களை முதுகோடு முதுகு வைத்து இழுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே இழுத்தால் கடகடவென்று தாவும். அதில் வட துருவம் எது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கோடு எங்கே என்று கண்ணால் பார்க்க இரும்புத்தூள் தேடி அலைய வேண்டாம். அலை வாங்கிய பின் கடற்கரை மணலில் கருப்பாகப் படிந்திருக்கும் கோட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து உலர்த்துங்கள். ஒரு காந்தத்தைப் பாலித்தீன் கவருக்குள் போட்டு மணலுக்கு மேல் ஓட்டினால் காந்தத்துக்கு ஒட்டும் துகள் மட்டும் கவரில் திரளும். காந்தத்தைக் கவரிலிருந்து வெளியே எடுத்தால் துகள் பொலபொலவென்று கொட்டும். கவர் போடாமல் விட்டால் அந்தத் துகளைக் காந்தத்திலிருந்து சுரண்டியே ஒரு மாலை போய்விடும். இப்போது சோதிக்க வேண்டிய காந்தத்தின் மேல் வெள்ளைத் தாள் வைத்துத் துகளைத் தூவி, தாளின் ஓரத்தை விரலால் தட்டுங்கள். துகள் அடர்ந்து நிமிரும் இடம்தான் துருவம்.

பின்னால் இரும்பு இருக்கலாம். ஸ்பீக்கர் காந்தத்தை அப்படியே கழற்றிக்கொண்டு வந்தால் அதன் முன்னும் பின்னும் இரும்புத் தகடு இருக்கும். பலமான நியோடிமியத்தை ஒத்த துருவம் பார்த்துக் கொண்டுபோனால் கொஞ்ச தூரம் தள்ளும், ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று ஒட்டும். அங்கே ஒட்டுவது காந்தத்தோடு அல்ல, தகட்டோடு. மேக்னெட் கேட்ச், இரும்புக் கிண்ணத்துக்குள் பதித்த காந்தம், இரும்பு மேசை எல்லாவற்றிலும் இதே கதை. சோதனை எளிது: இரண்டு காந்தத்தையும் இரும்பிலிருந்து பிரித்து மரப்பலகையின் மேல் வைத்துத் திரும்பப் பாருங்கள்.

காந்தம் உங்களுக்குத் தெரியாமல் திரும்பியிருக்கலாம். விரலால் லேசாகப் பிடித்திருந்தால் சின்னக் காந்தம் நொடியில் புரண்டு எதிர் முகத்தைக் காட்டிவிடும். கண்ணுக்கே தெரியாது. ஒரு முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, இரண்டையும் பி.வி.சி. குழாய்க்குள் விட்டுச் சோதியுங்கள். குழாய் காந்தத்தைவிட 1 மி.மீ. மட்டும் அகலமாக இருந்தால் புரள இடமிருக்காது.

நான்கும் சரி, அப்போதும் ஒட்டுகிறது. இப்போதுதான் உண்மையான காரணத்துக்கு வருகிறோம்: பலமானது பலவீனமானதின் துருவத்தையே மாற்றிவிடுகிறது. ஸ்கேலை மேசையில் வைத்து, பலவீனமான காந்தத்தைப் பூஜ்யத்தில் டேப்பால் ஒட்டுங்கள். பலமானதை 10 செ.மீ., 5 செ.மீ., 2 செ.மீ. என்று மெதுவாகக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று விரலில் உணர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பலமானதை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, பலவீனமானதைத் திசைகாட்டியிடம் மட்டும் காட்டுங்கள்.

தூரத்தில் தள்ளி, கிட்டத்தில் ஒட்டி, விலக்கிய பின் திசைகாட்டியில் பழைய துருவமே தெரிந்தால் மாற்றம் தற்காலிகம். பலமானதின் புலம் கிட்டத்தில் மட்டும் அதை அமுக்கியிருக்கிறது. கோளாறு என்று எதுவும் இல்லை. இடையில் 5 மி.மீ. அட்டையோ மரமோ வைத்தால் விலக்கம் நிலைக்கும்.

விலக்கிய பின்னும் திசைகாட்டியில் துருவம் மாறித் தெரிந்தால் நிரந்தரமாகத் திரும்பிவிட்டது. இனி அது பத்து செ.மீ. தூரத்திலும் இழுக்கும்.

திசைகாட்டி ஊசி ஏறக்குறைய அசையவே இல்லை என்றால் பாதி திரும்பி, பாதி திரும்பாமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காந்தத்தன்மை போய்விட்டது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

எது எவ்வளவு தாங்கும்? பாடப்புத்தகம் காந்த நீக்குத்திறன் என்று சொல்லும் எண்தான் (காந்தத்தன்மையைப் போக்க எவ்வளவு பலமான எதிர்ப்புலம் வேண்டும் என்பது) இங்கே கணக்கு. கிலோ ஆம்பியர்/மீட்டரில், அல்நிகோவுக்கு ஏறக்குறைய 50, ஃபெரைட்டுக்கு 200-க்கு மேல், சாதாரண என்35 ரக நியோடிமியத்துக்கே 900-க்கு மேல். பழைய எஃகுச் சட்டம் அல்நிகோவுக்கும் எவ்வளவோ கீழே. நல்ல நியோடிமியக் கட்டியின் முகத்தில் புலம் 300 எளிதாக இருக்கும். ஆக எஃகும் அல்நிகோவும் அதன் முன்னால் நிற்கவே முடியாது. 3 மி.மீ. கனமுள்ள ஃபெரைட் வட்டுகூட நேருக்கு நேர் அழுத்தினால் அடிவாங்கும். தடித்த ஃபெரைட் தப்பித்துக்கொள்ளும். இரண்டு நியோடிமியங்களைச் சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் துருவம் மாறாது, விரல்தான் நசுங்கும்.

இன்னொன்று: ஒரே ஜோடிக் காந்தம், தொடும் தூரத்தில், ஈர்க்கும் அளவுக்கு விலக்காது. ஒத்த துருவங்கள் எதிரெதிரே இருக்கும்போது ஒன்று மற்றதைக் கொஞ்சம் அமுக்கும், வேற்றுத் துருவங்கள் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். அதைக் கோளாறு என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம்.

## அறிகுறி: பழைய காந்தம் குண்டூசியைக்கூடத் தூக்க மறுக்கிறது

எவ்வளவு போயிற்று என்று முதலில் அளக்க வேண்டும். ஜெம் கிளிப் சங்கிலி கணக்கு தோராயம்தான். விலகு காந்தமானிக் கணக்கு துல்லியம், செலவும் இல்லை. ஸ்கேலைக் கிழக்கு மேற்காக வைத்து, ஒரு முனையில் திசைகாட்டி. நல்ல காந்தத்தை ஸ்கேலின் மேலேயே, ஸ்கேலின் நீளத்துக்கு வைத்து, ஊசி 45 டிகிரி திரும்பும் வரை நகர்த்துங்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள சந்தேகக் காந்தத்தை அங்கேயே வையுங்கள். 45 டிகிரி வந்தால் பலம் சமம். 27 வந்தால் பாதி. 14 வந்தால் கால்வாசி. ஊசி எதிர்ப்பக்கம் திரும்பினால் துருவம் மாறியிருக்கிறது.

காரணங்களில் முதலில் பார்க்க வேண்டியது வைத்திருந்த விதம். சட்டக் காந்தங்களை ஒத்த துருவம் ஒரே பக்கமாகப் பெட்டியில் அடுக்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். எதிரெதிர் துருவங்கள் பக்கத்தில் வரும்படி இரண்டாக அடுக்கி, நடுவில் மரச்சட்டம் வைத்து, இரு முனையிலும் தேனிரும்புத் துண்டு போட வேண்டும். ஆய்வகப் பெட்டியில் அந்தத் துண்டுதான் முதலில் காணாமல் போகும். குதிரைலாடத்துக்கு ஒரு துண்டு போதும். ஃபெரைட்டுக்கும் நியோடிமியத்துக்கும் இது தேவையில்லை. ஆனால் அவற்றைச் சட்டக் காந்தங்கள் இருக்கும் அதே இழுப்பறையில் போடவே கூடாது. ஒரே ஒரு நியோடிமியக் கட்டி ஒரு பெட்டிச் சட்டக் காந்தத்தையும் கெடுத்துவிடும்.

அடுத்தது அடி. எஃகுக் காந்தத்தைச் சுத்தியல் மாதிரி தட்டினாலோ, சிமென்ட் தரையில் திரும்பத் திரும்ப விழுந்தாலோ பலம் குறையும்.

மூன்றாவது வெப்பம். சாதாரண ரக நியோடிமியத்துக்கு எல்லை 80 டிகிரி செல்சியஸ். மெல்லிய வட்டுக்கு அதற்கும் முன்னாலேயே. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அந்த எல்லையை நெருங்கும். சூடான பசைத் துப்பாக்கியின் முனை 150 டிகிரியைத் தாண்டும். கண்காட்சி மாடலில் காந்தத்தை அதனால் ஒட்டிவிட்டு, மறுநாள் பலம் இல்லை என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியால் ஒட்டுங்கள். ஒட்டும் முகத்தை 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பிடிப்பு நிற்கும். சால்டரிங் அயர்னை நியோடிமியத்தின் மேல் வைக்கவே கூடாது. ஃபெரைட் 250 டிகிரி வரை தாங்கும்.

எஃகுச் சட்டம் என்றால் வீட்டிலேயே ஏற்றலாம். இரண்டு நியோடிமியக் காந்தம் எடுங்கள். சட்டத்தின் நடுவில் ஒன்றின் வட துருவத்தையும் மற்றதின் தென் துருவத்தையும் அருகருகே வைத்து, இரண்டையும் எதிரெதிர் முனைக்கு இழுங்கள். முனையைத் தாண்டியதும் மேலே தூக்கி, காற்றிலேயே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். உரசிக்கொண்டே திரும்பி வந்தால் செய்ததெல்லாம் வீண். ஒரு முகத்துக்கு 20 தடவை, நான்கு முகத்துக்கும். எந்த முனையில் நியோடிமியத்தின் வட துருவம் போய் முடிகிறதோ அந்த முனை தென் துருவமாகும். இங்கேதான் பலரும் தலைகீழாக்கிக்கொள்வார்கள். அல்நிகோவும் இதில் ஓரளவு ஏறும், முழுதாக ஏறாது.

ஃபெரைட், நியோடிமியம் என்றால் கையால் ஏற்ற முடியாது. கெப்பாசிட்டரில் மின்சாரம் தேக்கி ஒரே அதிர்வில் சுருளுக்குள் விடும் இயந்திரம் வேண்டும். வண்டி ஃபிளைவீலுக்கு மேக்னெட் சார்ஜ் போடும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களிடம் கேட்டுப் பார்க்கலாம். சின்னக் காந்தமாக இருந்தால் ஏற்றும் கூலியைவிடப் புதியது மலிவு. மோட்டார், ஜெனரேட்டர் காந்தம் என்றால் மட்டும் ஏற்றுங்கள்.

## அறிகுறி: மிதக்கும் வளையம் சரிகிறது, சிக்குகிறது, ஒட்டுகிறது

தண்டு இல்லாமல் மிதக்கவிட முயன்றால் நிறுத்திவிடுங்கள். அசையாத நிரந்தரக் காந்தங்களை மட்டும் வைத்து இன்னொரு காந்தத்தை எந்தப் பிடிமானமும் இன்றி அந்தரத்தில் நிறுத்த முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842-லேயே நிரூபித்துவிட்டார். எத்தனை காந்தம் சேர்த்து அடுக்கினாலும் பக்கவாட்டில் நழுவும். தண்டு அவசியம்.

தண்டு இருந்தும் சரிந்தால், வளையத்தின் துளைக்கும் தண்டுக்கும் இடைவெளியைப் பாருங்கள். 1 மி.மீ.க்குக் குறைந்தால் உரசும், 3 மி.மீ.க்கு மேல் போனால் வளையம் சாய்ந்து ஓரத்தில் சிக்கும். தண்டு மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். பெரிய ஆணியைத் தண்டாக நட்டுவிட்டு மிதக்கவில்லை என்பவர்களும் உண்டு. தண்டு செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குநூல் விட்டுப் பாருங்கள்.

இடைவெளிகள் ஒரே அளவாக இல்லை என்பது கோளாறு அல்ல. அடி வளையம் மேலே உள்ள எல்லாவற்றின் எடையையும் சுமக்கிறது. அதனால் கீழே நெருக்கமாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் நடுவில் ஒரு இடைவெளி மட்டும் திடீரென்று சுருங்கினால் அந்த இடத்தின் வளையங்களில் ஒன்று பலவீனம். ஒவ்வொன்றாக இடம் மாற்றி, சுருக்கம் எந்த வளையத்தோடு கூடவே போகிறது என்று பாருங்கள். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து வளையம் பொறுக்குகிறவர்கள் ஒரே அளவு, ஒரே கனம் உள்ளதாக நான்கு எடுத்து, அங்கேயே ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தள்ளிப் பார்த்து வாங்குவது நல்லது.

ஃபெரைட் வளையங்களுக்கு நடுவில் ‘பலம் கூட்ட’ நியோடிமியம் சேர்க்காதீர்கள். முதல் நாள் உயரமாக மிதக்கும். யாராவது ஒரு பிள்ளை மேலிருந்து அழுத்தி விளையாடியதும் பக்கத்து ஃபெரைட் அமுங்கும். கண்காட்சி நாளன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

## அறிகுறி: திசைகாட்டி தப்புத் திசை காட்டுகிறது

சோதிக்க நல்ல அளவுகோல் வானத்திலேயே இருக்கிறது. நம் கரையில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து சுமார் 12 டிகிரி உயரத்தில் தெரியும். நீட்டிய கையின் முஷ்டி அகலத்தைவிடச் சற்றே மேல். இங்கே காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான். ஆகவே ஊசிக்கும் நட்சத்திரத்துக்கும் 5 டிகிரிக்கு மேல் பேதம் இருந்தால் ஏதோ ஒன்று இழுக்கிறது.

பேதம் இடத்துக்கு இடம் மாறினால் பக்கத்தில் உள்ளதை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்துங்கள். படகில் முதல் சந்தேகம் போன் ஸ்டாண்டில் இருக்கும் காந்தம், அடுத்து ஸ்பீக்கர், வயர்லெஸ் செட், கத்தி, ஸ்பேனர். ஒரு மீட்டருக்குள் எதுவும் வேண்டாம். சின்னக் காந்தத்தின் புலம் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டில் ஒரு பங்காகும், 30 செ.மீ. நகர்த்தினாலே பெரிய மாற்றம் தெரியும். விளக்குக்குப் போகும் பேட்டரி வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள். தனித்தனியாகப் போனால் விளக்கு எரியும்போதெல்லாம் ஊசி நகரும்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவு பேதம் என்றால் பெட்டியே கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. திருகைத் தளர்த்தி நேராக்குங்கள்.

ஊசி சரியாகத் தலைகீழாக, வடக்குக்குத் தெற்கு காட்டினால் பலமான காந்தம் ஒன்று அதன் மேல் போயிருக்கிறது. மாணவர்களின் சின்னத் திசைகாட்டி என்றால் இரண்டு நிமிட வேலை. பெட்டியைச் சாய்த்து ஊசி கண்ணாடியில் சிக்கி அசையாமல் நிற்கும்படி பிடியுங்கள். பலமான காந்தத்தின் தென் துருவத்தைக் கண்ணாடியின் மேல் ஊசியின் நடுவிலிருந்து சிவப்பு முனைக்கு இழுத்து, அப்படியே வெளியே தூக்கிவிடுங்கள். நான்கு தடவை. சிவப்பு முனை வட துருவமாகும்.

ஊசியின் தெற்கு முனை தாழ்ந்து அடியில் உரசினால் அது வட ஐரோப்பாவுக்குச் செய்த திசைகாட்டியாக இருக்கலாம். அங்கே பூமியின் காந்தப்புலம் வட முனையைக் கீழே இழுப்பதால் தெற்கில் எடை வைத்திருப்பார்கள். இங்கே புலம் ஏறக்குறைய கிடைமட்டம். எடை வீணாகி அந்த முனை தொங்கும். பழுது இல்லை, ஊர்தான் மாறியிருக்கிறது.

படகின் திரவத் திசைகாட்டியில் குமிழி வந்தாலோ, உள்ளே மிதக்கும் திசை அட்டை திக்கித் திக்கிச் சுழன்றாலோ, தலைகீழானாலோ கைவைக்காதீர்கள். இரும்பு உடல் கொண்ட விசைப்படகில் திசைக்குத் திசை பேதம் மாறினால் அடியில் உள்ள சரிக்கட்டும் காந்தங்களைத் தெரிந்தவர்தான் திருத்த வேண்டும். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று தள்ளிப் போடுவது பேட்டரி தீரும் வரைக்கும்தான் செல்லும்.

## அறிகுறி: சின்னது மட்டும் ஓடி வருகிறது, பெரியது இழுக்கப்படவே இல்லை

கோளாறு இல்லை. இரண்டும் ஒன்றையொன்று ஒரே அளவு விசையோடுதான் இழுக்கின்றன. லேசானது நகர்கிறது, கனமானது உராய்வில் நிற்கிறது. நம்பாத மாணவனுக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தராசின் மேல் 15 செ.மீ. பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து (தராசுக்குள்ளும் இரும்பு உண்டு), அதன் மேல் சின்னக் காந்தத்தை ஒட்டி, பூஜ்யம் ஆக்குங்கள். மேலே 5 செ.மீ. உயரத்தில் பெரியதைப் பிடித்தால் எத்தனை கிராம் மாறுகிறது என்று பாருங்கள். பிறகு இடம் மாற்றி, பெரியதை டப்பாவில் ஒட்டிச் சின்னதைப் பிடியுங்கள். அதே கிராம் வரும். வராவிட்டால் தூரத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை.

## அறிகுறி: உடைந்த துண்டுகள் சேர மறுக்கின்றன

சட்டக் காந்தம் குறுக்கே உடைந்தால் உடைந்த முகங்கள் தாமே ஒட்டும். வட்டோ வளையமோ உடைந்தால் அரைவட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். இரண்டிலும் வட துருவம் மேல்முகத்தில்தானே இருக்கிறது. அதனால் பசை போட்டு விரலால் பிடித்தால் பிரிந்துகொண்டே போகும், அல்லது ஒன்று புரண்டு ஒட்டும். இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் இரண்டும் அடங்கும். எபாக்சி தடவி, பக்கவாட்டில் மரத்துண்டு கொடுத்து ஜி கிளாம்ப்பால் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். ஸ்பீக்கர் வளையத்துக்கு இது போதும்.

## அறிகுறி: இரண்டு பலமான காந்தம் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை

நேராக இழுக்காதீர்கள், வழுக்க வேண்டும். மர மேசை விளிம்பில் கீழ்க் காந்தம் மேசையிலும் மேல் காந்தம் வெளியே நீட்டியும் இருக்கும்படி பக்கவாட்டில் படுக்க வைத்து, வெளியே உள்ளதைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். நழுவியதும் நடுவில் 1 செ.மீ. மரத்துண்டைச் செருகிவிடுங்கள். 25 மி.மீ.க்கு மேற்பட்டது என்றால் மர ஆப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். தாவி மோதும்போது சில்லு தெறிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மூன்று பொருள் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை அளவுக் கட்டிகள் என்றால் வீட்டில் முயல வேண்டாம். நடுவில் விரல் மாட்டினால் எலும்பு தாங்காது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களின் நெஞ்சிலிருந்து சின்னக் காந்தமானாலும் குறைந்தது 15 செ.மீ. தள்ளி வையுங்கள், கட்டிக் காந்தம் இருக்கும் அறைக்கே அவர்கள் வர வேண்டாம். குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே, வயிற்றுவலி வரட்டும் என்று காத்திருக்காமல் ஜிப்மர் அவசரப் பிரிவுக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ உடனே போய் எக்ஸ்ரே எடுங்கள். குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள சதையை ஓட்டை போட்டுவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

## அறிகுறி: வெள்ளிக் காந்தம் கொப்புளித்து உதிர்கிறது

குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் கொசுவலைத் திரைக் காந்தமும் ஜன்னல் சென்சார் காந்தமும் உதிர்வது இதனால்தான். நியோடிமியத்தில் பெரும்பங்கு இரும்பு. மேலே உள்ள நிக்கல் பூச்சில் ஒரு கீறல் போதும், உப்புக்காற்று உள்ளே போய் வீங்கவைக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

பூச்சு உறுதியாக இருந்து மேலே மட்டும் கறை என்றால் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை பூசுங்கள். விளிம்பை விட்டுவிடாதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும். கொப்புளம் எழுந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது எபாக்சி பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இடம் இருந்தால் ஃபெரைட்டே போடுங்கள்: அது ஏற்கெனவே ஆக்சைடு, துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. பலம் குறைவு என்பதால் பெரிய துண்டு தேவைப்படும். நியோடிமியத்தை அறுக்கவோ துளையிடவோ கூடாது, அதன் தூள் தீப்பற்றும்.

மாவு மில், மசாலா மில்லில் தானியம் கொட்டும் வாயில் இரும்பு பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் பூச்சு உரிந்திருந்தால் மில்லை அப்போதே நிறுத்துங்கள். அந்த இடத்தில் வெறும் காந்தம் வைக்கக்கூடாது, துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அடைத்ததுதான் வேண்டும். வாங்கிய அன்றே ஒரு இரும்பு குண்டை ஒட்டி, சுருள்வில் தராசால் இழுத்து, எத்தனை கிலோவில் பிரிகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே குண்டு, அதே இடம். எண் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் காந்தம் விற்றவரை வரச் சொல்லுங்கள்.